லேப்டாப் ஹார்டு டிஸ்க் போகும் நிலையில்: டேட்டாவை எடுத்து, எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸை மறுபடி போடுவது எப்படி?

மழைக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். இன்டெல் ஐ5-8250யு, 8 ஜிபி ரேம், 1 டிபி 2.5 இன்ச் ஹார்டு டிஸ்க் (5400 ஆர்பிஎம்) உள்ள லேப்டாப். வாங்கும்போதே விண்டோஸ் 10 ஹோம் போட்டு வந்தது.

முதலில் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எந்நேரமும் 100% காட்டியது. ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 1 எம்பி கூட இல்லை. அப்புறம் நீலத்திரை, 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்'. இப்போது பாதி நேரம் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று கறுப்புத் திரையிலேயே நின்றுவிடுகிறது. பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறது. டக் டக் சத்தம் எதுவும் இல்லை.

லினக்ஸ் மின்ட் பென் டிரைவிலிருந்து பூட் செய்து ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் கணக்கு) எடுத்தேன்:

5 – ரீஅலொகேட்டட் செக்டார்: 1,824
197 – கரன்ட் பெண்டிங் செக்டார்: 312
198 – ஆஃப்லைன் அன்கரெக்டபிள்: 296
199 – சிஆர்சி எரர்: 0

டி டிரைவில் 180 ஜிபி அளவுக்குப் போட்டோ, ஆவணங்கள் உள்ளன. பேக்கப் இல்லை. தெரிய வேண்டியவை:

1. டிஸ்க்தான் பழுதா, கேபிளாக இருக்குமா?
2. டேட்டாவை எப்படி எடுப்பது?
3. 2.5 இன்ச் எஸ்எஸ்டியா, எம்.2வா (போர்டிலேயே செருகும் சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டி)? உள்ளே எம்.2 இடம் இருப்பதாக மேனுவல் சொல்கிறது.
4. டிஸ்க்கை மாற்றினால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமா?
5. விண்டோஸ் 10 போடுவதா, 11 போடுவதா?

---

அவசரக்குடுக்கை:

லைவ் பென் டிரைவ் எதற்கு? விண்டோஸ் ரிப்பேர் சிடியில் கமாண்ட் பிராம்ப்ட் எடுத்து செக்டிஸ்க்கை (டிஸ்க் பிழையைச் சரிபார்க்கும் விண்டோஸ் கமாண்ட்) ஸ்லாஷ் ஆர் போட்டு ஓட விடுங்க. பேட் செக்டாரை (டிஸ்க்கில் படிக்க முடியாத சின்னத் துண்டுகளை) எல்லாம் அதுவே ஒதுக்கிடும். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிடும்.

---

பைட்டுப்பித்தன்:

மழைக்குருவி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேக்கப் உள்ள டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டுவது வேறு. ஒரே பிரதி உள்ள, சாகப்போகும் டிஸ்க்கில் ஓட்டுவது வேறு. ஸ்லாஷ் ஆர் போட்டால் பார்ட்டிஷனின் ஒவ்வொரு கிளஸ்டரையும் படிக்கும். படிக்க முடியாத இடத்தில் டிஸ்க் பல நொடி முட்டி மோதும். அத்தோடு நிற்காமல், என்டிஎஃப்எஸ் அட்டவணை (விண்டோஸ் வைத்திருக்கும் ஃபைல் பட்டியல்) பழுதாகத் தெரிந்தால் அந்தப் பழுதான டிஸ்க்கிலேயே திருத்தி எழுதும். படிக்க முடியாத ஃபோல்டரை 'உடைந்த பதிவு' என்று கருதி அறுத்துவிட்டு, உள்ளே இருந்த ஃபைல்களைப் பெயரில்லாத துண்டுகளாக 'ஃபவுண்ட்.000' ஃபோல்டரில் கொட்டிவிடும். ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்காக வைப்பதுதான் அதற்கு இட்ட வேலை, உங்கள் போட்டோவைக் காப்பது அல்ல.

முதல் கேள்விக்குப் பதில் நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது. 199 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே டேட்டா சிதைந்ததைக் கணக்கு வைப்பது. கேபிளோ கனெக்டரோ சரியில்லை என்றால் அது ஏறும். உங்களுக்கு அது 0. 197 என்பது இப்போது படிக்க முடியாமல் நிற்கும் செக்டார்கள். 5 என்பது ஏற்கெனவே கைவிட்டு, உதிரி இடத்துக்கு மாற்றியவை. 5, 197, 198 மூன்றும் சேர்ந்து ஏறியிருப்பதால் தட்டின் பரப்போ ஹெட்டோ தேய்கிறது என்று அர்த்தம். டிஸ்க்தான் பழுது. சத்தம் இல்லாதது நல்ல செய்தி. ஹெட் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இனி டேட்டா. டிஸ்க்கை இப்போதைக்குக் கழற்றாதீர்கள். பலரும் முதலில் கழற்றி யூஎஸ்பி அடாப்டரில் மாட்டிப் பார்ப்பார்கள். மலிவான அடாப்டர்களில் உள்ள பிரிட்ஜ் சிப், ஒரு செக்டார் பதில் சொல்லாமல் சில நொடி இழுத்தாலே இணைப்பை அறுத்து மறுபடி தொடங்கும். ஒவ்வொரு பேட் செக்டாரிலும் இதே கதை. லேப்டாப்பின் சொந்த சாட்டா போர்ட் இதைப் பொறுமையாகச் சமாளிக்கும். பழைய டிஸ்க் உள்ளேயே இருக்கட்டும்; லைவ் லினக்ஸில் பூட் செய்து, வெளி யூஎஸ்பி டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள்.

தேவை: 2 டிபி வெளி டிஸ்க். 1 டிபி டிஸ்க்கின் முழு இமேஜ் (டிஸ்க்கின் அச்சு அசல் பிரதி), இன்னொரு 1 டிபி டிஸ்க்கில் ஃபைலாக அடங்காது. ஃபைல் சிஸ்டத்துக்கே கொஞ்சம் இடம் போய்விடும். அது எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ், ஈஎக்ஸ்டி4 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். ஃபேட்32 வேண்டாம், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது.

கருவி ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ, பழுதான டிஸ்க்கைப் பிரதி எடுக்கும் லினக்ஸ் கமாண்ட். மின்ட், உபுண்டுவில் பேக்கேஜ் பெயர் 'ஜிடிடிரெஸ்க்யூ'. ஓட்டும் முறை:

டிஸ்க்கில் உள்ள எந்த பார்ட்டிஷனையும் ஃபைல் மேனேஜரில் திறக்காதீர்கள். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' கமாண்டில் மாடல், சீரியல் எண்ணையும் காட்டச் சொல்லி, எது பழைய டிஸ்க், எது வெளி டிஸ்க் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அடுத்த பூட்டில் அது இடம் மாறலாம்.

கமாண்டில் மூன்று பெயர் வரும்: முதலில் மூலம், அடுத்து சேரும் இடம், மூன்றாவது மேப் ஃபைல். மேப் ஃபைலை விட்டுவிடாதீர்கள். எதைப் படித்தாயிற்று, எது பாக்கி என்று அதில்தான் பதிவாகும். கரண்ட் போனாலும், டிஸ்க் தொங்கினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதையும் வெளி டிஸ்க்கிலேயே வையுங்கள். லைவ் பென் டிரைவின் ஹோம் ஃபோல்டரில் வைத்தால் ரீஸ்டார்ட்டில் காணாமல் போகும்.

முதல் சுற்றை 'நோ-ஸ்கிரேப்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள். நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போகும். டிஸ்க் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எளிதாக வருவதை முதலில் எடுப்பதுதான் முறை. அது முடிந்த பிறகே 'நோ-ஸ்கிரேப்' இல்லாமல், 'ஐடைரக்ட்' (கேஷைத் தாண்டி நேரடியாகப் படிக்க), 'ரீட்ரை-பாசஸ்' 3 (மூன்று முறை மறுமுயற்சி) என்று கொடுத்து அதே மேப் ஃபைலோடு இரண்டாம் சுற்று. ஆரோக்கியமான 1 டிபி டிஸ்க்குக்கே முழுதாகப் படிக்க மூன்று மணி நேரம் ஆகும். இதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். சார்ஜரைச் செருகி, ஸ்லீப்பை அணைத்து, லேப்டாப்பின் அடிப்பக்கம் காற்றுப்படும்படி வையுங்கள்.

நடுவில் டக் டக் என்று சத்தம் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். ஹெட் தட்டில் உரசத் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான். அந்தப் போட்டோக்கள் விலைமதிப்பற்றவை என்றால், அதன் பிறகு கிளீன் ரூம் உள்ள டேட்டா மீட்பு நிலையம் ஒன்றே வழி. ஃப்ரீசரில் வைக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும், அவ்வளவுதான் பலன்.

---

திருகாணி:

பித்தன் சொன்னது முடிஞ்ச பிறகு படிங்க. மூணாவது கேள்விக்கு வர்றேன்.

உங்க லேப்டாப்ல ரெண்டு வழி இருக்கு. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டின்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம், பழைய டிஸ்க் இருந்த இடத்துலயே உட்காரும். எம்.2ன்னா வாங்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்க்கணும். ஒண்ணு நீளம்: 2280ன்னா 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம், சில மெஷின்ல 2242க்குத்தான் இடம் இருக்கும். ரெண்டு, அந்த ஸ்லாட் சாட்டா மட்டும் ஏத்துக்குமா, என்விஎம்இயும் (சாட்டாவை விட வேகமான இணைப்பு) ஏத்துக்குமான்னு. அந்தக் காலத்து லேப்டாப்ல சாட்டா மட்டும் உள்ள எம்.2 நிறைய. வெளியில இருந்து பார்த்தா ஒரே மாதிரிதான் இருக்கும், என்விஎம்இயைச் செருகினா உள்ளேயும் போகும், பயாஸ்ல மட்டும் வராது. விளம்பரப் பக்கத்தை விட்டுட்டு, அந்த மாடலுக்கான சர்வீஸ் மேனுவலைத் தேடிப் பாருங்க. மூணு, வைஃபை கார்டு இருக்குற ஸ்லாட்டும் எம்.2தான். அது வேற கீ (வெட்டு அமைப்பு), அதை எஸ்எஸ்டி ஸ்லாட்டுன்னு நினைச்சுடாதீங்க.

வேகம்னு பார்த்தா, சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி கிட்ட, பிசிஐஇ 3.0 நாலு லேன் என்விஎம்இ 3,500 கிட்ட. ஆனா தினசரி வேலையில நீங்க உணரப்போற மாற்றம் ஹார்டு டிஸ்க்ல இருந்து எஸ்எஸ்டிக்கு வர்றதுதான். 5400 ஆர்பிஎம் தட்டு பாதிச் சுத்து வர்றதுக்கே 5.5 மில்லி செகண்ட் ஆகும், அதுக்கு மேல ஹெட் நகர்ற நேரம் வேற. எஸ்எஸ்டில அந்தக் காத்திருப்பே கிடையாது. மெமரி சிப் டிஎல்சி வகையா பார்த்து வாங்குங்க. க்யூஎல்சி மலிவு, ஆனா பெரிய ஃபைல் காப்பி பண்ணும்போது கேஷ் நிரம்பினதும் பழைய ஹார்டு டிஸ்க் வேகத்துக்கே இறங்கிடும். 180 ஜிபி டேட்டாவுக்கு 500 ஜிபி போதும். விண்டோஸ்ல அது 465ன்னு காட்டும், ஏமாத்திட்டாங்கன்னு நினைக்காதீங்க. பெட்டில 1,000 கணக்கு, விண்டோஸ்ல 1,024 கணக்கு.

இப்ப மாட்டுறது.

ஷட்டவுன் பண்ணி, சார்ஜரைப் பிடுங்குங்க. விண்டோஸ் இன்னும் பூட் ஆகுதுன்னா ஷிஃப்டை அழுத்திக்கிட்டே ஷட்டவுன் கொடுங்க, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னால பாதித் தூக்கத்துல நிக்காது. பிஎச்0 ஸ்க்ரூ டிரைவர் பெரும்பாலான லேப்டாப்புக்குப் போதும், சிலதுல டார்க்ஸ் டி5 இருக்கும். அடி மூடியோட ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் இல்லை. இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஹிஞ்ச் பக்கம் நீளமானது இருக்கும், முன்பக்கம் கைவைக்கிற இடத்துல குட்டையானது. நீளமானதை முன்பக்கம் முறுக்கினா டச்பேட் பக்கத்துல மேல் மூடியில ஒரு கொப்புளம் கிளம்பும், இல்லன்னா நேரா ஓட்டையே விழும். ஒரு தாள்ல மூடி வடிவத்தை வரைஞ்சு, கழட்டுன இடத்துலயே ஸ்க்ரூவைக் குத்தி வைங்க. எல்லாத்தையும் கழட்டியும் மூடி வரலைன்னா பலவந்தம் பண்ணாதீங்க. ரப்பர் கால் அடியில ஒண்ணு இருக்கலாம், டிவிடி டிரைவ் இருந்தா அதை இழுத்தெடுத்த பிறகு அந்தப் பொந்துக்குள்ள ரெண்டு மூணு சின்ன ஸ்க்ரூ தெரியும்.

மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழட்டுறது. வயரைப் பிடிச்சு இழுக்காம, கனெக்டரோட காதுல நகத்தை வச்சுத் தள்ளுங்க. அப்புறம் பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடிங்க, போர்டுல மிச்சம் இருக்குற சார்ஜ் போயிடும். பிறகுதான் டிஸ்க்கைத் தொடணும்.

2.5 இன்ச் டிஸ்க் ஒரு தகர பிராக்கெட்ல இருக்கும், பக்கவாட்டுல நாலு எம்3 ஸ்க்ரூ. அந்த பிராக்கெட், ரப்பர் எல்லாம் புது எஸ்எஸ்டிக்கு மாத்தணும். சில மெஷின்ல டிஸ்க் முனையில சின்னதா ஒரு கனெக்டர் செருகியிருக்கும். பார்க்க டிஸ்க்கோட பாகம் மாதிரியே இருக்கும், ஆனா அது லேப்டாப்போட உடைமை. அதை நேரா இழுத்துக் கழட்டி எஸ்எஸ்டில செருகணும். இதை மறந்துட்டு 'எஸ்எஸ்டி பொருந்தலை'ன்னு திருப்பி அனுப்புறவங்க உண்டு. ரிப்பன் கேபிள்னா போர்டு பக்கம் ஒரு சின்ன கறுப்பு மடல் இருக்கும், அதை 90 டிகிரி தூக்கின பிறகுதான் ரிப்பன் வரும். அந்த மடல் ஒடிஞ்சா போர்டையே சால்டரிங் வேலைக்கு அனுப்பணும். பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமனா இருந்து எஸ்எஸ்டி 7 மிமீயா இருந்தா, 2.5 மிமீ ஸ்பேசர் ஒட்டுங்க, இல்லன்னா கனெக்டர் ஆடும்.

எம்.2ன்னா ஸ்லாட்டுக்குள்ள 30 டிகிரி சாய்வா செருகி, அழுத்திப் படுக்கவச்சு, எம்2 அளவு, 3 மிமீ நீள ஸ்க்ரூ ஒண்ணு போட்டா முடிஞ்சது. அந்த ஸ்க்ரூ பல சமயம் லேப்டாப்லயும் இருக்காது, எஸ்எஸ்டி பெட்டிலயும் இருக்காது. முன்கூட்டியே வாங்கி வச்சுக்கோங்க.

மூடியை முழுசா முறுக்கறதுக்கு முன்னாடி பேட்டரியை மாட்டி, பயாஸ்ல எஸ்எஸ்டி மாடல் பேர் வருதான்னு பாருங்க. இப்பவே வரலைன்னா மறுபடி 12 ஸ்க்ரூ கழட்டுற வேலை மிச்சம்.

---

துவக்கி:

நான்காவது கேள்வி: லைசென்ஸ் போகாது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களில் ப்ராடக்ட் கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே எழுதப்பட்டிருக்கும். டிஸ்க்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. செட்டப் அதைத் தானே படித்து ஹோம் பதிப்பைத் தேர்ந்துகொள்ளும். கீ கேட்டால் 'என்னிடம் ப்ராடக்ட் கீ இல்லை' என்பதை அழுத்தி, ஹோம் தேர்ந்தெடுங்கள். ப்ரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. இன்டர்நெட் கிடைத்ததும் மற்றது தானாக நடக்கும்.

ஐந்தாவது: 11 போடுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. உங்கள் 8250யு விண்டோஸ் 11 ஆதரிக்கும் ப்ராசசர் பட்டியலில் உள்ள 8ஆம் தலைமுறை. 10க்கான கீயே 11க்கும் செல்லும்.

பென் டிரைவ்: குறைந்தது 8 ஜிபி. உள்ளே இருப்பது எல்லாம் அழியும். இன்னொரு விண்டோஸ் கம்ப்யூட்டர் கிடைத்தால் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல். லினக்ஸ் மட்டுமே கையில் இருந்தால் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் டிஸ்க்கின் இமேஜ் ஃபைல்) இறக்கி, ஐஎஸ்ஓவிலிருந்து நேரடியாகப் பூட் செய்ய உதவும் வென்டாய் மூலம் பயன்படுத்துங்கள். லினக்ஸ் ஐஎஸ்ஓவைப் போல் 'டிடி' கமாண்டில் எழுதினால் விண்டோஸ் பூட் ஆகாது. ஐஎஸ்ஓவைத் திறந்து ஃபேட்32 பென் டிரைவில் இழுத்துப் போட்டாலும், இன்ஸ்டால்.விம் ஃபைல் 4 ஜிபியைத் தாண்டுவதால் அந்த இடத்தில் காப்பி நின்றுவிடும்.

பயாஸில் பார்க்க வேண்டியவை: பூட் மோடு யூஈஎஃப்ஐ (பழைய முறைகளான லெகசி, சிஎஸ்எம் அணைத்து), செக்யூர் பூட் ஆன், டிபிஎம் (என்க்ரிப்ஷன் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) ஆன். இன்டெல் மெஷின்களில் டிபிஎம் 'பிடிடி' என்ற பெயரில் ஒளிந்திருக்கும். 'இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது' என்று செட்டப் சொன்னால், உங்கள் மாடலில் பத்துக்கு ஒன்பது முறை அதுதான் காரணம். தேதி, நேரத்தையும் பாருங்கள். கடிகார பேட்டரி செத்துத் தேதி பின்னோக்கிப் போயிருந்தால் ஆக்டிவேஷனும் அப்டேட்டும் சான்றிதழ் பிழையில் விழும்.

பூட் மெனு: டெல், திங்க்பேடில் எஃப்12, எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9, ஏசூஸில் எஸ்கேப், ஏசரில் எஃப்12, ஆனால் அதை முதலில் பயாஸில் இயக்க வேண்டியிருக்கும். ஐடியாபேடில் பக்கவாட்டில் ஊசித்துளை போல ஒரு நோவோ பட்டன் இருக்கும். பென் டிரைவ் பெயருக்கு முன் 'யூஈஎஃப்ஐ' என்று உள்ள வரியையே தேர்ந்தெடுங்கள்.

இது முக்கியம்: எம்.2 எஸ்எஸ்டி வாங்கினாலும், பழைய ஹார்டு டிஸ்க்கை உள்ளே விட்டுவிட்டு விண்டோஸ் போடாதீர்கள். பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் ஃபைல்கள் இருக்கும் பகுதி) இருந்தால், செட்டப் விண்டோஸை எஸ்எஸ்டியிலும் பூட் ஃபைல்களைப் பழைய டிஸ்க்கிலும் வைத்துவிடக்கூடும். எல்லாம் நன்றாக ஓடும்; பழையதைக் கழற்றிய அன்று புது எஸ்எஸ்டி பூட் ஆகாது. வெளி டிஸ்க்கையும் பிடுங்கிவிடுங்கள், உங்கள் ஒரே பிரதி அதில்தான் இருக்கிறது. இன்ஸ்டால் நேரத்தில் மெஷினில் எஸ்எஸ்டியும் பென் டிரைவும் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது.

டிஸ்க் தேர்வுத் திரையில் 'அன்அலொகேட்டட் ஸ்பேஸ்' என்று ஒரே வரி இருக்கும். நீங்களாகப் பார்ட்டிஷன் பிரிக்க வேண்டாம். அந்த வரியைத் தேர்ந்து 'நெக்ஸ்ட்' கொடுத்தால் 100 எம்பி ஈஎஃப்ஐ, 16 எம்பி எம்எஸ்ஆர், விண்டோஸ், ரெகவரி எல்லாவற்றையும் சரியான வரிசையில், சரியான அலைன்மென்ட்டில் அதுவே உருவாக்கும். காப்பி முடிந்து முதல் ரீஸ்டார்ட்டில் 'ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்' என்று வரும், அழுத்தாதீர்கள். அழுத்தினால் முதலிலிருந்து தொடங்கும்.

---

மழைக்குருவி:

நன்றி நண்பர்களே. நிலவரம்: முதல் சுற்றில் 99.97% வந்தது, இரண்டாம் சுற்றுக்குப் பின் சுமார் 40 எம்பி மட்டும் பாக்கி. ஆனால் இமேஜை மின்ட்டின் டிஸ்க்ஸ் செயலியில் இணைத்தால் சி, டி இரண்டிலும் பூட்டுப் படம், 'பிட்லாக்கர்' என்கிறது. நான் எந்தப் பாஸ்வேர்டும் வைத்ததே இல்லை!

இன்னொன்று: 2.5 இன்ச் எஸ்எஸ்டி வாங்கி மாட்டியாயிற்று, பயாஸில் தெரிகிறது. மாட்டும் முன் வேறொரு கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்திருந்தேன். இப்போது செட்டப் 'இந்த டிஸ்க்கில் எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, இதில் விண்டோஸ் போட முடியாது' என்று மறுக்கிறது.

---

பைட்டுப்பித்தன்:

பயப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்த பல விண்டோஸ் ஹோம் லேப்டாப்களில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் எளிய வடிவம்) கேட்காமலேயே இயங்கிவிடும். திறவுகோல் டிபிஎம்மில் இருந்ததால் உங்களுக்கு இதுவரை தெரியவில்லை. டிஸ்க் அந்த மெஷினின் வழக்கமான பூட் பாதையை விட்டு வெளியே வந்ததும் கேட்கிறது.

அப்படி இயங்கும்போது மீட்புக் கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்படும். கணக்கில் உள்நுழைந்து, சாதனங்கள் பகுதியில் அந்த லேப்டாப்பின் கீழ் 'பிட்லாக்கர் ரெகவரி கீ' பாருங்கள். 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. சி டிரைவுக்கு ஒன்று, டி டிரைவுக்கு ஒன்று என்று தனித்தனிக் கீ இருக்கும். பழைய ரீஇன்ஸ்டால்களின் கீயும் அதே பட்டியலில் கிடக்கலாம். கீ ஐடி, தேதி, டிரைவ் விவரம் பார்த்துப் பொருந்துவதை எடுங்கள். அதை நடுவில் உள்ள கோடுகளோடு சேர்த்து டிஸ்க்ஸ் கேட்கும் இடத்தில் கொடுத்தால் டி திறக்கும். இமேஜை 'ரீட் ஒன்லி' ஆகவே இணைத்திருங்கள்.

அந்த வீட்டில் உள்ள வேறு யாராவது லேப்டாப்பை முதலில் அமைத்திருந்தால் கீ அவர் கணக்கில் இருக்கும். அலுவலகக் கணக்கு சேர்த்திருந்தால் அலுவலக ஐடி பிரிவிடம் இருக்கும். எங்குமே இல்லை என்றால் டேட்டா இல்லை. அதை உடைக்கும் மென்பொருள் என்று விற்கப்படுபவற்றுக்குப் பணம் கட்டாதீர்கள்.

பாக்கியுள்ள 40 எம்பி எந்தெந்த ஃபைலில் விழுந்தது என்பதைப் பிரதி எடுத்த பிறகு பார்க்கலாம். சில போட்டோக்கள் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகத் திறக்கும். ஜிப் ஃபைலோ, அவுட்லுக் பிஎஸ்டி ஃபைலோ அடிபட்டிருந்தால் அதற்கெனத் தனி ரிப்பேர் கருவிகள் உண்டு. அவற்றைப் பிரதியின் மேல் மட்டும் ஓட்டுங்கள்.

---

துவக்கி:

எம்பிஆர் பிரச்சினை: புது எஸ்எஸ்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியிருந்தால் இது வந்திருக்காது. யூஈஎஃப்ஐ வழியில் பூட் ஆன செட்டப்புக்கு, பழைய வகை எம்பிஆர் அல்ல, புது வகைப் பார்ட்டிஷன் பட்டியலான ஜிபிடி டேபிள் வேண்டும்.

அந்தத் திரையிலேயே அதில் உள்ள எல்லாப் பார்ட்டிஷனையும் 'டெலீட்' செய்து பாருங்கள். அப்படியும் மறுத்தால் ஷிஃப்ட் + எஃப்10 அழுத்துங்கள், கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். டிஸ்க்பார்ட் என்று கொடுத்து, 'லிஸ்ட் டிஸ்க்'. அளவைப் பார்த்து எஸ்எஸ்டியின் எண்ணை உறுதி செய்யுங்கள். 465 ஜிபி என்று இருப்பதுதான் உங்களுடையது. 'செலெக்ட் டிஸ்க்' கூடவே அந்த எண், பிறகு 'கிளீன்', பிறகு 'கன்வர்ட் ஜிபிடி', 'எக்சிட்'. திரும்பி வந்து 'ரிஃப்ரெஷ்'. 'கிளீன்' உறுதி கேட்காது, நொடியில் டேபிளை அழித்துவிடும். வெளி டிஸ்க் செருகியிருந்தால் இப்போதே பிடுங்கச் சொல்வது அதனால்தான். லெகசி மோடுக்கு மாறி இந்த எரரைத் தவிர்க்கச் சொல்லும் யோசனைகள் இணையத்தில் கிடைக்கும். அப்படிப் போட்டால் செக்யூர் பூட் இருக்காது, விண்டோஸ் 11 செட்டப்பும் முறுக்கிக்கொள்ளும்.

இதே இழையைப் பின்னால் படிப்பவர்களுக்கு: டிஸ்க் பயாஸில் தெரிந்து, செட்டப் பட்டியலில் மட்டும் தெரியாவிட்டால் அது வேறு நோய். இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான பல லேப்டாப்களில் விஎம்டி என்ற கன்ட்ரோலர் இயங்கும். என்விஎம்இ அதன் பின்னால் மறைந்துவிடும். இரண்டு வழி: லேப்டாப் தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுப்பது, அல்லது பயாஸில் விஎம்டியை அணைப்பது. டிரைவர் என்றால் ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ் ஃபைல்கள் உள்ள ஃபோல்டர். ஈஎக்ஸ்இயை அப்படியே வைத்தால் செட்டப்புக்கு எதுவும் தெரியாது. பழைய மெஷின்களில் இதற்கு இணை 'ரெய்டு' அல்லது 'ஆர்எஸ்டி' மோடு. வழக்கமான சாட்டா மோடான ஏஹெச்சிஐக்கு மாற்றினால் போதும். புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது மாற்றுவதில் ஆபத்தில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் திடீரென்று மாற்றினால் பூட் ஆகாது.

முதல் அமைப்பில் வைஃபை பட்டியல் காலியாக வந்தால், போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் டிரைவர் கேட்காமல் இன்டர்நெட் வரும். உள்ளே போனதும் விண்டோஸ் அப்டேட்டை இரண்டு மூன்று ரீஸ்டார்ட் வரை ஓட விடுங்கள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் மிச்சம் இருந்தால் மட்டும் தயாரிப்பாளரின் பக்கத்துக்குப் போய் சிப்செட்டில் தொடங்குங்கள். டிரைவர் தேடித்தரும் இலவச மென்பொருள்கள் எதுவும் வேண்டாம். டிஃப்ராக் தனியாக ஓட்ட வேண்டாம். எஸ்எஸ்டி என்று தெரிந்து விண்டோஸே டிரிம் (அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) அனுப்பிக்கொள்ளும்.

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் டிவைஸ் என்க்ரிப்ஷன் மறுபடி தானாக ஆன் ஆகும். புதுக் கீயை அன்றே ஒரு தாளில் அச்சிட்டு வையுங்கள்.

---

மழைக்குருவி:

கீ கணக்கிலேயே கிடைத்தது, டி திறந்துவிட்டது! 'கிளீன்' கொடுத்த பிறகு விண்டோஸும் ஏறிவிட்டது, ஆக்டிவேஷனும் காட்டுகிறது. பழைய டிஸ்க்கை என்ன செய்வது? சும்மா எதையாவது சேமிக்கப் பயன்படுமா?

---

திருகாணி:

எதுக்கும் பயன்படுத்தாதீங்க. 197 இனி ஏறுமே தவிர இறங்கி நிக்காது. போட்டோ எல்லாம் எஸ்எஸ்டிக்கும் இன்னொரு டிஸ்க்குக்கும் போய்ச் சேர்ந்து, நாலஞ்சு ஃபோல்டரைத் திறந்து பார்க்கற வரைக்கும் மட்டும் பத்திரமா வைங்க.

வாரன்டி இருந்தா சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் பக்கத்துல போட்டுப் பாருங்க. அனுப்பறதா இருந்தா மூடியைத் திறக்கவோ ஸ்டிக்கரைக் கிழிக்கவோ கூடாது. பிட்லாக்கர் இருந்ததால உள்ள இருக்குறதை யாரும் படிக்க முடியாது, அந்தக் கவலை வேண்டாம். என்க்ரிப்ஷன் இல்லாத டிஸ்க்னா வேற விஷயம்: முழுசா பூஜ்யம் எழுதினாலும், ஒதுக்கிவச்ச செக்டார்ல பழைய டேட்டா அப்படியே நிக்கும்.

வாரன்டி இல்லன்னா உடைச்சுடலாம். ஆனா 2.5 இன்ச் டிஸ்க்ல தட்டு பெரும்பாலும் கண்ணாடி, மேல மெல்லிசா உலோகப் பூச்சு. சுத்தியல் பட்டா வளையாது, ஊசி ஊசியா சிதறும். கெட்டியான துணியில ரெண்டு சுத்து சுத்தி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு, மூடியைத் திறக்காமலே தட்டுங்க. குலுக்கினா உள்ள மணல் மாதிரி சத்தம் கேட்டா தட்டு தூளாயிடுச்சு, அப்படியே மின்கழிவுல சேர்த்துடுங்க.